அப்பாயியை வெளுத்த கதை

அப்பாயி போன மார்கழியில் செத்துப்போனது. ஆவூரில் எங்கள் தெருவில் காரியத்துக்கு பிளெக்ஸ் வைக்காமல் இருக்க முடியாது. வைக்கவில்லை என்றால் பேரன் பேங்குல வேல பாக்குறான், ஒரு படம் வைக்க மனசு வல்ல பாரு என்பார்கள். எனவே அம்மாவை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

அப்பாயியின் படம் என்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தங்கச்சி கல்யாணத்தில் பந்தல் ஓரமாக, கையில் வெத்திலையோடு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். எடுத்தவர் யார் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது, இருந்தது, அவ்வளவுதான். அதைத்தான் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில் டிசைனிங் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். அம்மா கொஞ்சநேரம் பார்த்தது. "இது யாருடா தம்பி? மேலத்தெரு அம்மா மாதிரில்ல இருக்கு" என்றது.

"ரொம்ப டார்க்கா இருந்துச்சுண்ணே. கொஞ்சம் தூக்கி உட்டிருக்கேன். எல்லாருக்கும் இப்புடித்தான் பண்றது" என்றான் பையன்.

அவன் சொன்னது உண்மைதான். எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுகிறார்கள். எண்பத்தோரு வருசம் வெயிலில் நின்று, கரட்டுக் காட்டில் கடலை பிடுங்கி, கண்மாய் மண் சுமந்து சம்பாதித்த நிறத்தை ஒரு பையன் மவுசைத் தள்ளி எடுத்துவிட்டான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் நம்ம பையன்தான், கீழத்தெருவில் இருந்து வருகிறவன்தான். அவன் பைக்கில் அம்பேத்கர் ஒட்டியிருக்கிறது. அந்த அம்பேத்கரும் வெளுத்துத்தான் இருக்கிறார்.

தோழர்களே, இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாம் தினமும் நூற்றுக்கணக்கில் படம் அனுப்புகிறோம். கண்டன ஆர்ப்பாட்டம், வீரவணக்கம், பிறந்தநாள், கைது, விடுதலை எல்லாமே படம்தான். துண்டறிக்கை அடிப்பதுகூடக் குறைந்துவிட்டது. ஆனால் படத்தை எப்படி எடுப்பது, எப்படிச் சுருக்குவது, எங்கே வெட்டுவது, எதை மறைப்பது, எதைப் பத்திரப்படுத்துவது என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? அது ஸ்டுடியோக்காரன் வேலை என்று விட்டுவிட்டோம். அச்சுக்கூடத்தை எவன் கையிலோ கொடுத்துவிட்டுக் கருத்து மட்டும் பேசிக்கொண்டிருப்பது மாதிரி இது.

முதலில் நிறத்தைப் பேசிவிடுவோம். வெளுப்பு அந்தப் பையனிடம் தொடங்கியதல்ல. கேமரா பொதுவானது, உள்ளதை உள்ளபடி காட்டும் என்பது ஒரு பசப்பு. 1950களில் இருந்து கோடாக் கம்பெனி, படக் கடைகளுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். முதன்முதலில் நின்ற பெண்ணின் பேராலே அதற்கு ஷெர்லி அட்டை என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. மற்றவன் தோல் என்ன ஆனால் என்ன? கனடாவின் லோர்னா ரோத் என்ற ஆய்வாளர் 2009இல் இதை விரிவாக எழுதினார். அதில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. கறுப்பர்கள் முறையிட்டதால் அந்த பிலிம் மாறவில்லையாம். மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாகத் தெரியவில்லை என்று முறையிட்டதால்தான் கோடாக் அசைந்தது. மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நியாயம் மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர் கையில் திணிக்கப்பட்ட பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க போலராய்டு கருவி பயன்பட்டது. அதை 1970இல் வெளியே கொண்டுவந்தவர்கள் அதே கம்பெனியில் வேலைபார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள். ஏழு வருசம் போராட்டம் நடந்தது. 1977இல் அந்தக் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. படத்தொழில் நுட்பமும் அரசியல்தான் என்று நமக்கு முன்னாலேயே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எல்லாம் மாறிவிட்டதே என்பீர்கள். 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்நிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 100க்கு 1கூட இல்லை. கருநிறப் பெண்களிடம் ஏறக்குறைய 35 வரை போனது. 2020இல் இன்னொரு கூத்து. கலங்கிய படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றில் ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டால் வெள்ளைக்காரன் ஒருவன் எழுந்து வந்தான். ஏனென்றால் அது தெளிவாக்குவதில்லை, புள்ளி இல்லாத இடத்தில் தனக்குத் தெரிந்த முகத்தைக் கற்பனை செய்து வைக்கிறது. இன்றைக்கு அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா படங்களை இப்படிப்பட்ட செயலிகளில் போட்டுப் பளபளப்பாக்கிப் பகிர்கிற தம்பிமார்களைக் கேட்கிறேன்: அந்தக் கண் அவர் கண்தானா? நம் முன்னோடிகளுக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். அதிலும் பொய்க் கண்ணை வைத்துவிட்டால் அடுத்த தலைமுறை எதை நம்பும்?

வெளுக்காமல் படம் எடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நம்ம ஆளை நிறுத்தினால் போன் சுவரைப் பார்த்துக் கணக்குப் போடும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு குறைத்துவிடும், முகம் கரியாகிவிடும். அப்புறம் அதை 'தூக்கி' விடுகிறேன் என்று வெளுப்பார்கள். வேப்பமரத்து நிழலில், திறந்த வானத்தைப் பார்த்த முகமாக நிறுத்துங்கள். திரையில் முகத்தின்மேல் விரல் வைத்துத் தொடுங்கள், போன் முகத்துக்குக் கணக்குப் போடும். 'பியூட்டி' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அதன் பேரே சொல்கிறது யாருடைய அழகு என்று.

திரும்ப டவுனுக்கு வருகிறேன். பழைய நிறத்தையே போடு என்று பையனிடம் சொன்னேன். போட்டான். ஆனால் வேறு சிக்கல் வந்தது. அந்த வாட்ஸ்அப் படம் மொத்தமே 84 கேபி. ஓரத்தில் நின்ற அப்பாயியின் முகம் அதில் 150 புள்ளி அகலம் தேறினால் அதிகம். அதை இரண்டு அடிக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அரிசி அளவு ஆகிவிடுகிறது. முகம் முழுக்கக் கட்டம் கட்டமாய் நிற்கிறது.

ஏன் கட்டம்? ஜேபெக் என்கிற முறை 1992இல் தரப்படுத்தப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் உள்ள கட்டங்களாக அறுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரோடு டி.நடராஜன், கே.ஆர்.ராவ். எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது. வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 புள்ளிக்குள் கொண்டுவந்து, மறுபடி இதே முறையில் நசுக்கி அனுப்புகிறது. அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொருவர் வெட்டி, பேஸ்புக்கில் ஏற்றி, அங்கிருந்து எடுத்து மறுபடி வாட்ஸ்அப். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் முகம் போகிறது. நகலுக்கு நகல் எடுத்த ஜெராக்ஸ் மாதிரி. அப்பாயி படம் எத்தனை கை மாறி வந்ததோ.

கடைசியில் படத்தைச் சின்னதாகவே வைத்தோம். மிச்ச இடமெல்லாம் நீலம். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்தில் பேர் போடணும் என்று தெருப் பையன்கள் பிடிவாதம். போட்டோம். பிளெக்ஸில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதையே வாட்ஸ்அப்பில் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியபோது, "என்னப்பா எழுதியிருக்கு, படிக்கவே முடியல" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நம் இயக்கப் போஸ்டர்கள் ஏன் எப்போதும் போனில் கலங்கித் தெரிகின்றன என்று.

காரணம் இதுதான். ஜேபெக் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரிக்கும். வெளிச்சத்தை ஓரளவு முழுசாக வைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கு 100க்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, இங்கேயும் நமக்குக் கடைசிப் பங்குதானா என்று. (இது சாதி அல்ல, மனிதக் கண்ணின் அமைப்பு அப்படி. எல்லாவற்றிலும் பார்ப்பனியத்தைத் தேடுகிறவன் நான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.) முழு வெளிச்சம் 255 என்றால் சுத்தச் சிவப்பு 76, சுத்த நீலம் 29. இரண்டுக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் குறைவு, நிற வித்தியாசம்தான் அதிகம். நிறத்தைத்தான் அது எறிகிறதே! அதனால் சிவப்பு எழுத்தின் விளிம்பு நீலத்தில் கரைந்துபோகிறது. வெள்ளை எழுத்துக்கு அந்த ஆபத்து இல்லை. நம் கொடியின் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. எழுத்தை வெள்ளையில் போடுங்கள், சிவப்பே வேண்டும் என்றால் சுற்றிலும் தடித்த வெள்ளைக் கோடு கொடுங்கள். எழுத்துள்ள போஸ்டரை ஜேபெக்கில் சேமிக்காமல் பிஎன்ஜியில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது அது கை வைக்காது.

அதோடு, போஸ்டரில் உள்ளதைக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து எழுத்தல்ல, படம். கண் தெரியாத தோழருக்கு அவர் போன் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டாது. அய்ந்து வருசம் கழித்து அந்தப் போராட்டத்தைத் தேடுகிற மாணவனுக்கும் அது கிடைக்காது. நம்முடைய இவ்வளவு போராட்டமும் தேடினால் கிடைக்காத படங்களாகக் கிடக்கின்றன.

அளவு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் இனத்தில் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், கேபி என்றால் என்ன என்று அழுதுகொண்டே சொல்வார்கள். வங்கித் தேர்வுக்கு, நான் எழுதிய அதே அய்பிபிஎஸ் தேர்வுக்கு, படம் 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கேபிக்குள். கையெழுத்து 10 முதல் 20 கேபி. இதோடு இடது கட்டைவிரல் ரேகையையும் படமாக ஏற்ற வேண்டும். என் தாத்தா கூட்டுறவுக் கடனுக்குக் கைநாட்டு வைத்தார். பட்டதாரிப் பேரனும் கைநாட்டு வைக்கிறான், ஸ்கேன் செய்து. சுருக்கத் தெரியாத பிள்ளை பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்கிறது, கடைசி நாளில் சர்வர் தொங்கினால் வருசமே போகிறது. ஒவ்வொரு சேரியிலும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளை இருந்தால் போதும். போனிலேயே செய்யக்கூடிய பத்து நிமிச வேலை.

நூறு நாள் வேலைக்கு 2023 சனவரியில் செயலி வழி வருகைப்பதிவைக் கட்டாயமாக்கினார்களே, அதுவும் படம்தான். காலையில் ஒரு படம், மதியத்துக்குமேல் ஒரு படம், எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் படம் ஏறவில்லை என்றால் மம்பட்டி பிடித்த கைக்குக் கூலி இல்லை. அம்மா சொல்லும்: "வேல பாத்தத மண்ணு சொல்லும். போட்டாவுல்ல சொல்லணுமாம்."

இனி வெட்டுவது. சமூக ஊடகங்கள் படத்தைத் தங்கள் சட்டத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும். ட்விட்டர் தானாக வெட்டும்போது வெள்ளை முகங்களைப் பிடித்துக்கொண்டு கறுப்பு முகங்களை விடுகிறது என்று 2020இல் ஆட்கள் சோதித்துக் காட்டினார்கள். 2021இல் அந்தக் கம்பெனியே ஆய்வு செய்து, பாரபட்சம் இருப்பதை ஒப்புக்கொண்டு அதைக் கைவிட்டது. நம் ஊரில் அதற்கு மென்பொருள் வேண்டாம். நம்ம சனம் எப்போதும் ஓரத்தில்தான் நிற்கும், மய்யத்தில் நிற்க விட்டால்தானே. சதுரமாக வெட்டினால் முதலில் போவது ஓரம்தான்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையை நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஒரு படம் வெளியே வந்தது. ஊராட்சித் தலைவர், தலித் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படம் பரவிய பிறகுதான் வழக்கும் கைதும் வந்தன. யோசியுங்கள், யாராவது நல்லெண்ணத்தில் அவர் முகத்தை மட்டும் அழகாக வெட்டிப் போட்டிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு பெண்ணின் முகம். சாட்சி அந்த நாற்காலிகளில் இருந்தது. எனவே வெட்டுவதற்கு முன் கேளுங்கள், எதை வெட்டுகிறோம் என்று.

சாட்சி என்று வந்துவிட்டதால் நம் மாவட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. வேங்கைவயல். 2022 திசம்பரில் நம் சனம் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம். அந்தத் தொட்டியின் படத்தை நாடே பார்த்தது. 2025 சனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை வைத்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதே தெருவின் மூன்று இளைஞர்கள். கைபேசிகளில் இருந்து எடுத்த படங்களும் பேச்சுகளும் சான்றாகப் பேசப்பட்டன, சில வெளியில் கசிந்தன. நம் இயக்கங்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டன. என் கருத்தும் அதுதான். அதை இங்கே வாதாட வரவில்லை. நம் போனில் இருக்கும் படத்தை நம்மைவிட அரசு நன்றாக வாசிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

படத்துக்குள் படம் மட்டும் இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் போன், லொக்கேஷன் போட்டிருந்தால் எந்த இடம், எல்லாம் அதற்குள் எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். இரண்டுமே நமக்குத் தேவை, இடம் பார்த்து. ஒரு வன்கொடுமை நடந்த வீட்டைப் படம் எடுத்தால், அசல் கோப்பைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், எடுத்த போனை விற்காதீர்கள். 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணைக் குறிக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் நசுங்கிய படத்தின் ரேகை வேறு, அசலின் ரேகை வேறு. வக்கீலிடம் பார்வர்டு செய்த படத்தைக் காட்டி, அசல் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிந்த தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் சொறிந்திருக்கிறேன்.

ஆனால் பொதுவில் போடும்போது நேர்மாறு. நேர, இடக் குறிப்புகளை எடுத்துவிட்டுப் போடுங்கள், புகார் கொடுத்த குடும்பத்தின் வீட்டுக்கு நாமே வழி காட்ட வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின், குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், போக்சோவின் 23ஆவது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. சட்டத்துக்காக மட்டுமல்ல, அவள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும். முகத்தைக் கலக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு குற்றவாளி சுழற்றி மறைத்திருந்த தன் முகத்தைப் போலீஸ் திருப்பிச் சுழற்றியே மீட்டுவிட்டது, 2007இல் இன்டர்போல் அதை வெளியிட்டது. போலீசுக்கு முடிந்தது மற்றவனுக்கும் முடியும். போனில் பேனாவால் கிறுக்கினால், மை அரைகுறையாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டினாலே முகம் வந்துவிடும். கெட்டியான கறுப்புக் கட்டம் வையுங்கள், வைத்த பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள். அவள் பாவாடையும் வீட்டுக் கதவும் அடையாளம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். நம் பிணங்களை நாம் பகிர்வதை நிறுத்த வேண்டும். வெட்டுப்பட்ட கழுத்து, எரிந்த உடல், தண்டவாளத்தில் கிடந்த பையன். பார்த்தால்தான் உறைக்கும் என்கிறார்கள். யாருக்கு உறைத்தது? உறைக்க வேண்டியவன் அதை ரசிக்கிறான், நம் பிள்ளைகள்தான் பயந்து சுருள்கின்றன. அந்த அம்மாவின் போனுக்கும் அது ஒருநாள் வரும். சான்றாக எடுங்கள், பத்திரப்படுத்துங்கள், வக்கீலுக்கும் ஆணையத்துக்கும் கொடுங்கள். சுவரில் ஒட்ட அவன் உயிரோடு சிரித்த படம் ஒன்றைத் தேடுங்கள். மலக்குழியில் இறங்குகிறவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் பழனிக்குமார் எடுக்கிற படங்களைப் பாருங்கள். அதில் துயரம் இருக்கிறது, ஆனால் யாரும் பொருளாகக் கிடப்பதில்லை, உங்களை நேராகப் பார்க்கிறார்கள். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 160 தடவைக்குமேல் படம் எடுத்துக்கொண்டார், லிங்கனைவிட அதிகம். அடிமையைச் சிரிக்கிற கோமாளியாக வரைந்துகொண்டிருந்த நாட்டில், பெரும்பாலும் சிரிக்காமல், இறுக்கமான முகத்தோடு கேமராவைப் பார்த்தார். தன் முகத்தைத் தானே வைத்துக்கொள்ளத் தெரிந்த மனுசன்.

அப்பாயி சிரித்த படத்துக்கு வருகிறேன். காரியம் முடிந்த பிறகு, எடுத்தது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா மகன் எடுத்ததாம். அசல் அவன் பழைய போனில் இருக்கலாம் என்றான். அந்தப் போன் டிஸ்பிளே உடைந்து அலமாரியில் கிடந்திருக்கிறது. "கடையில குடுத்துருக்கேண்ணே, உயிர் வந்தா படம் இருக்கும், டாக்குமென்டாவே அனுப்புறேன்" என்கிறான். மூன்று வாரமாச்சு. அம்மா ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் கேட்கிறது, "போனு வந்துருச்சாடா?"